ஓய்வுநாள் பாடசாலையில் பதினேழு பேர்

1983 ஜனவரி 9 — 84
1987 ஒக்டோபர் 11 — 0
1995 நவம்பர் 5 — 61
1996 ஜூன் 2 — 19
2009 ஜனவரி 4 — 33
2020 மார்ச் 22 — 0
2023 ஜனவரி 8 — 5
2024 மார்ச் 3 — 11
2025 ஜனவரி 12 — 17

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் ஊரெழுப் பக்கம் போகும் ஒழுங்கை ஒன்றில் ஒரு சிறிய தேவாலயம் இருக்கிறது. மேலே உள்ளவை அதன் ஓய்வுநாள் பாடசாலைக்கு அந்தந்த ஞாயிற்றுக்கிழமைகளில் வந்த பிள்ளைகளின் தொகைகள். வரவு இடாப்பில் இவற்றை எழுதியவர் சுவர்ணா இராசநாயகம். பிறந்தது 1961 ஓகஸ்ட் 13. அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான்.

1987 இல் எழுதிய சைபருக்கு ஒரு விளக்கம் தேவை. அன்று ஊரில் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. பிள்ளைகளும் வரவில்லை, சுவர்ணாவும் போகவில்லை. ஏழு கிழமை கழித்துத் தேவாலயக் கதவு திறந்தபோது முதல் வேலையாக விடுபட்ட ஏழு ஞாயிறுகளுக்கும் திகதி போட்டு, ஏழு சைபர் எழுதினார். பாடம் நடக்காத ஞாயிறையும் எழுதத்தான் வேண்டும் என்பது அவருடைய கொள்கை.

1995 இல் உள்ள 61 பேரையும் எண்ணியது கொடிகாமத்தில், ஒரு தென்னங்காணியில். போர் நெருங்கி வலிகாமப் பகுதிச் சனம் முழுவதும் நடந்து வெளியேறிய கிழமை அது. சுவர்ணாவின் கையில் உடுப்புப் பை ஒன்றும் இடாப்புப் பை ஒன்றும் இருந்தன. ஞாயிறு வந்ததும் தென்னைகளுக்கு நடுவில் பிள்ளைகளை இருத்திக் கதை சொன்னார். அந்த 61 பேரில் சபைப் பிள்ளைகள் எத்தனை பேர், மற்றவர்கள் எத்தனை பேர் என்று பிரித்து எழுதவில்லை. தன்னுடைய இடாப்பில் உள்ள ஒரே குறை அதுதான் என்று இன்றைக்கும் சொல்வார்.

அவருக்குத் தொழிலும் அதுவே. 1986 மே 2 முதல் 2021 ஓகஸ்ட் 13 வரை தெல்லிப்பழை வைத்தியசாலையின் பதிவேட்டு அறையில் எழுதுநர். வைத்தியசாலை இடம்பெயர்ந்த காலத்தில் பதிவேடுகளும் இடம்பெயர்ந்தன, பதிவேடுகளோடு அவரும் போனார். கலியாணம் கேட்டு இரண்டு இடத்தால் வந்தார்கள். முதலாவது மாப்பிள்ளை வயதை ஐந்து வருடம் குறைத்துச் சொல்லியிருந்தார். அவருடைய பிறப்பு விபரம் சுவர்ணாவின் அறையில் மூன்றாவது இறாக்கைத் தட்டில் இருந்தது. இரண்டாவது மாப்பிள்ளை அதைக் கேள்விப்பட்டு வராமலே விட்டார்.

1983 இன் எண்பத்துநான்கு பிள்ளைகளும் இப்போது எங்கே என்று கேட்டால் அதற்கும் ஒரு தாள் உண்டு. கனடா 31, இங்கிலாந்து 17, அவுஸ்திரேலியா 9, ஜேர்மனி 6, ஏனைய நாடுகள் 8, காலமானவர்கள் 7, இங்கே 6. இந்த ஆறு பேரில் இரண்டு பேருக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பேரப்பிள்ளைகளை ஞாயிறு காலையில் எங்கே காணலாம் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ரியூசனில்.

முந்தி அப்படியில்லை. ஞாயிறு காலை ஏழரைக்குப் பிள்ளை ஓய்வுநாள் பாடசாலையில் நிற்காவிட்டால் ஒன்பதேகாலுக்கு ஆராதனையில் தாய் தகப்பனால் தலை நிமிர்ந்து இருக்க முடியாது. வருடக் கடைசியில் சோதனை, பரிசு, நத்தார் நாடகம். நாடகத்தில் தேவதூதன் வேடத்துக்கு ஐந்து பேர் அடிபடுவார்கள். பிறகு பிள்ளைகள் தரம் ஐந்துக்கு வந்ததும் காணாமல் போகத் தொடங்கினார்கள். அதன்பின் தரம் நான்கிலேயே காணாமல் போனார்கள். 2022 நத்தாருக்கு மூன்று சாஸ்திரிகளுக்கும் ஒருவன்தான் நடித்தான். மூன்று தரம் உள்ளே வந்து மூன்று தரம் வெளியே போனான்.

2023 ஓகஸ்ட் 6 ஆம் திகதி காலை ஏழு இருபதுக்குத் தேவாலய வாசலில் கோகுலன் வந்து நின்றான். வெங்காயத் தோட்டக்காரன், பிள்ளையார் கோயில் பரிபாலன சபை உறுப்பினர். நெற்றியில் மூன்று குறி திருநீறு. கைப்பிடியில் ஏழு வயது மகள் ஆரபி.

"அக்கா, இவளை ரெண்டு மணித்தியாலம் வைச்சிருப்பியளோ? மனிசி ஞாயிறிலை திருநெல்வேலிச் சந்தைக்குப் போறவ. எனக்குத் தண்ணி இறைப்பு. இவளைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனால் வாய்க்காலை மாத்தி விடுறாள்."

"தம்பி, நான் இஞ்சை வேதாகமக் கதைதான் சொல்லுவன்."

"கதைதானே அக்கா. வீட்டிலை ரீவியிலையும் கதைதான் பாக்கிறாள். அதிலை ஒரு மாமி மருமோளுக்கு நஞ்சு வைக்கிறா."

"எங்கடையிலையும் ஒருத்தன் தம்பியைக் கொல்லுறான்."

"நஞ்சு வைச்சோ?"

"இல்லை. வயலுக்குக் கூட்டிக்கொண்டு போய்."

கோகுலன் யோசித்தான். "பரவாயில்லை," என்றான்.

சுவர்ணா பிள்ளையை உடனே உள்ளே எடுக்கவில்லை. மேசையில் இருந்து ஒரு கடிதம் எழுதினார். 'எனது பிள்ளை கிறிஸ்தவ ஓய்வுநாள் பாடசாலைக்குப் போவதை நான் அறிவேன். பிள்ளையின் சமயம் இடாப்பில் சைவம் என்றே பதியப்படும்.' இரண்டு பிரதி. இரண்டிலும் கோகுலன் கையெழுத்து வைத்தான், இரண்டிலும் சுவர்ணா சபையின் சீலைக் குத்தினார். ஒன்று சுவர்ணாவின் கடிதக் கோவைக்குள் போனது, மற்றது கோகுலனின் சேட்டுப் பைக்குள் போனது. அதன் பிறகுதான் ஆரபி உள்ளே போனாள்.

ஒரு மாதத்தில் கோயிலில் கேட்டார்கள், பெட்டையைக் கிறிஸ்தவ வேதத்துக்கு மாற்றப் போகிறாயா என்று. கோகுலன் சேட்டுப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினான். "சைவம் எண்டு எழுதிக் கிடக்குது. சீலும் குத்தியிருக்கிறா. எங்கடை கோயில் றசீதிலையே சீல் இல்லை," என்றான். கோயில் தலைவர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, தன்னுடைய பேரனுக்கும் அப்படி ஒன்று எடுக்கலாமா என்று கேட்டார். ஞாயிறு காலையில் சின்ன வகுப்புகளுக்கு ரியூசன் வைக்கக்கூடாது என்று அதிகாரிகள் சொல்லியிருந்த காலம். ஒளித்து வைக்கும் ரியூசனுக்குக் கட்ட வசதியில்லாதவர்களின் பிள்ளைகள் வீட்டில் நின்று தாய்மாரின் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்கள். இங்கே காசு இல்லை. கதை, பாட்டு, ஒரு ரஸ்க், தேத்தண்ணி. அதோடு ஒவ்வொரு பிள்ளையும் கிழமைக்கொரு தரம் முன்னால் வந்து நின்று, கையைப் பின்னால் கட்டாமல், ஐந்து வசனம் சத்தமாகச் சொல்ல வேண்டும். இதற்காகவே பிள்ளையை அனுப்பிய தாய்மார் இருந்தார்கள்.

2025 ஜனவரியில் கோவையில் பதினான்கு கடிதங்கள் இருந்தன.

அந்த மாதம் சபைகளின் கிறிஸ்தவக் கல்விக் குழுவிடமிருந்து வழக்கமான வருடாந்த விபரப் படிவம் வந்தது. 'பிள்ளைகளின் மொத்தத் தொகை' என்று ஒரே ஒரு பெட்டி. சுவர்ணா 17 என்று எழுதினார். எழுதிவிட்டுப் பார்த்தார். பெட்டியில் இடம் மிச்சமிருந்தது. அடிமட்டத்தை வைத்துப் பெட்டிக்கு நடுவில் ஒரு கோடு கீறி, ஒரு பக்கம் 'கிறிஸ்தவர் 3', மறுபக்கம் 'சைவர் 14' என்று எழுதித் தபாலில் போட்டார். முப்பத்தைந்து வருடம் பதிவேட்டு அறையில் இருந்த ஒருவரால் மட்டுமே இந்தப் பிழையை விட முடியும்.

பெப்ரவரி 20 ஆம் திகதி பதில் வந்தது. சபைக் குடும்பங்களின் பிள்ளைகள் பத்துக்குக் குறைவாக உள்ள பாடசாலைகளைத் தனியாக நடத்துவதில்லை என்று ஒரு விதி உண்டாம். ஜூன் 29 ஆம் திகதியோடு உரும்பிராய்ப் பாடசாலையை நிறுத்தி, மூன்று பிள்ளைகளையும் அடுத்த சபைக்கு ஓட்டோவில் அனுப்ப வேண்டுமாம். மற்றப் பதினான்கு பேரைப் பற்றிக் கடிதத்தில் ஒன்றும் இல்லை.

கிறிஸ்துநாயகம் போதகர் அன்றைக்குப் பின்னேரமே மோட்டார் சைக்கிளில் வந்தார். நாற்பது வயது. நான்கு சபைகளுக்கு அவர் ஒருவர்தான் போதகர், அதனால் ஹெல்மெட்டைக் கழற்றாமலே கதைத்துப் பழகியிருந்தார்.

"அக்கா, நீங்கள் ஏன் கோடு கீறினீங்கள்?"

"மொத்தம் எண்டால் என்னத்தின்ரை மொத்தம் எண்டு தெரிய வேணுமே ஐயா."

"அவை கேக்கேல்லையே."

"பெட்டி பெரிசாயிருந்தது."

போதகர் ஹெல்மெட்டைக் கழற்றினார். "ஒண்டும் வேண்டாம். கைதவறி எழுதிப்போட்டன், பதினேழு எண்டு மட்டும் எடுங்கோ எண்டு ஒரு கடிதம் போடுங்கோ. அவை சந்தோசமாய் எடுப்பினம். மூடுறதுக்கு அவைக்கும் விருப்பமில்லை, பாருங்கோ."

"கைதவறிக் கோடு கீறேலாது ஐயா. அடிமட்டம் எடுக்க வேணும்."

"அப்ப பள்ளிக்கூடத்தை மூடட்டோ?"

"அந்தப் பதினாலு பேரையும் நான் சபைப் பிள்ளையள் எண்டு எழுதமாட்டன் எண்டு எழுத்திலை குடுத்திருக்கிறன். பதினேழு எண்டு வெறுமனே விட்டால் பத்து எண்ட விதிக்கு அவையையும் சேர்த்துத்தான் எண்ணுவினம். நாளைக்கு ஆராவது கோகுலனிட்டை, உன்ரை மோள் வேதக்காரரின்ரை கணக்கிலை கிடக்கிறாள் எண்டு சொன்னால் அவன் ஆரின்ரை முகத்திலை முழிக்கிறது?"

போதகர் தேத்தண்ணி குடித்துவிட்டு, ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு போனார்.

சுவர்ணா தனியாக வாழ்கிறவர். ஓய்வூதியம் வருகிறது, கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, முழங்காலில் மட்டும் கொஞ்சம் நோ. கிழமையில் ஆறு நாளும் ஆறு மணிக்கு எழும்புவார், ஞாயிறில் மட்டும் நாலரைக்கு. ஜூன் 29 க்குப் பிறகு ஞாயிறிலும் ஆறு மணிக்கு எழும்பலாம். அதற்கு அவர் ஆயத்தமாக இருக்கவில்லை.

மார்ச் 3 ஆம் திகதி குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். இரண்டே வசனம். 'விதியில் பத்து என்பது பிள்ளைகளையா, குடும்பங்களின் அங்கத்துவத்தையா குறிக்கிறது என்பதைத் தயவுசெய்து அறியத்தரவும். பிள்ளைகள் எனில் எம்மிடம் பதினேழு பேர் உள்ளனர், அவர்களில் பதினான்கு பேர் சைவர்.' பதில், குழுவின் செயலாளர் ஜூன் 15 ஞாயிறு நேரில் வந்து பார்ப்பார் என்று வந்தது. பார்த்த பிறகுதான் முடிவு.

இப்போது சபைச் செயற்குழுவின் தலைவர் அடைக்கலநாதன் களத்தில் இறங்கினார். வயது எழுபத்திரண்டு. மூன்று கிறிஸ்தவப் பிள்ளைகளில் இரண்டு பேர் அவருடைய இரட்டைப் பேரன்மார். அந்த வருடம் நடந்த இருபத்துமூன்று ஞாயிறில் அவர்கள் வந்தது நான்கு.

"பிள்ளை, நான் சொல்லுறதைக் கேள். ஒரே ஒரு நாள். ஆரபியை றெபேக்கா எண்டு கூப்பிடு. அந்தக் கோயில் தலைவற்றை பேரனை யோசுவா எண்டு கூப்பிடு. ஏழு பேர் போதும், பத்தாயிடும். முகத்தைக் கழுவிவிட்டால் ஆருக்குத் தெரியும்?"

"அண்ணை, உங்கடை பேரன்மாரை முதல் அனுப்புங்கோ. ஏழு மூண்டும் பத்து. ஏழு ஒண்டும் எட்டு."

"அவங்கள் வருவாங்கள், வருவாங்கள். ஓகஸ்டிலை தரம் அஞ்சு ஸ்கொலசிப் சோதனை எல்லோ."

"ஆரபிக்கும் வாற வருசம் ஸ்கொலசிப்தான் அண்ணை."

ஜூன் 15 காலை ஏழு இருபத்தைந்துக்குக் குழுச் செயலாளர் வந்து இறங்கினார். பெயர் சாமுவேல் முருகேசு. ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், வெள்ளைச் சேட்டு, பையில் மூன்று பேனை. பிள்ளைகள் எப்போதும் வருவதுபோலவே வந்திருந்தார்கள். திருநீறு, சந்தனப்பொட்டு, இரண்டு பேருக்குக் கையில் நூல். ஒருவனுக்கு உடம்பில் கொப்புளம் போட்டு அம்மாள் வருத்தம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள், ஆகவே சைவர் 13. பேரன்மார் இருவருக்கும் ரியூசனில் மாதிரிப் பரீட்சை. மூன்றாவது கிறிஸ்தவப் பிள்ளை பேர்த் டேக்குக் கொழும்புக்குப் போய்விட்டாள். அடைக்கலநாதன் பின்கதவடியில் நின்று ரியூசன் மாஸ்டருக்குத் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தார். "தம்பி, அரை மணித்தியாலம் விடும். பிறகு நானே கொண்டுவந்து விடுறன். என்ன, பகுதி இரண்டு தொடங்கீற்றுதோ?"

முருகேசு கதிரையில் இருந்தார். தன்னுடைய பெயரைச் சொன்னார். முன்வரிசையில் இருந்த சின்னப் பெடியன் ஒருவன் கையை உயர்த்தினான்.

"முருகேசு எண்டால் ஐயாவும் சைவமோ?"

"இல்லை அப்பன். என்ரை பூட்டனார் சைவம். அவற்றை பேர்."

"அப்ப நீங்கள் எப்பிடி மாறினீங்கள்?"

"அவர் உங்களைப் போலை ஒரு ஞாயிறுப் பள்ளிக்கூடத்துக்குப் போனவராம். படம் போட்ட காட் குடுத்தவையாம்."

வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற கோகுலன் சுவர்ணாவைப் பார்த்தான். "அக்கா, இஞ்சை காட் ஒண்டும் குடுக்கிறேல்லைத்தானே?"

"ரஸ்க் மட்டும் தம்பி."

"அது பரவாயில்லை."

முருகேசு தொண்டையைச் செருமிவிட்டுப் பாடத்துக்கு வந்தார். ஊதாரி மகனின் கதையைச் சொல்லச் சொன்னார். ஆரபி முன்னுக்கு வந்தாள், கையைப் பின்னால் கட்டவில்லை. தகப்பனின் சொத்தில் தன் பங்கை வாங்கிக்கொண்டு இளையவன் தூரதேசம் போனது, அழித்தது, பன்றி மேய்த்தது, திரும்பி வந்தது, தகப்பன் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து விருந்து வைத்தது எல்லாம் ஒழுங்காகச் சொன்னாள்.

"நல்லது. இந்தக் கதையிலை உனக்கு ஆரைப் பிடிக்கும்?"

"மூத்தவனை."

முப்பது வருடம் பிள்ளைகளிடம் இதே கேள்வியைக் கேட்டவர் முருகேசு. தகப்பன் என்று சொல்வார்கள், சிலர் இளையவன் என்று சொல்வார்கள். "ஏன் மூத்தவனை?"

"அவன் தோட்டத்திலை நிண்டவன். விருந்து எண்டு அவனுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. சத்தம் கேட்டு வேலைக்காரனிட்டை விசாரிச்சுத்தான் அவனுக்குத் தெரியும். இறைப்பு நேரம் ஆர் விருந்து வைப்பினம்?"

வாசலில் கோகுலன் தலையை மட்டும் ஆட்டினான். முருகேசு ஒரு பேனையை எடுத்து அதைக் கொப்பியில் எழுதினார். மூன்று வரி வந்தது.

பத்து நிமிடம் கழித்துப் பிள்ளைகளை எண்ணினார். படிவத்தை மேசையில் விரித்து, சுவர்ணாவை அருகில் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மிஸ் இராசநாயகம், பதின்மூண்டு பேர் வரவு எண்டு மட்டும் எழுதிறன். நல்லாய்ப் படிப்பிக்கிறியள். அதோடை விடுவம்."

பின்கதவடியில் நின்ற அடைக்கலநாதன் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்தார்.

"கோட்டோடை எழுதுங்கோ ஐயா," என்றார் சுவர்ணா.

"கோடு கீறினால் கிறிஸ்தவர் பக்கம் என்ன போடுறது?"

"சைபர்."

அடைக்கலநாதன் சுவரில் சாய்ந்தார். முருகேசு பேனையைத் திறந்தபடி வைத்திருந்தார். "பள்ளிக்கூடம் நிக்குமே."

"தெரியும் ஐயா." சுவர்ணா கோவையைத் திறந்து பதினான்கு கடிதங்களையும் மேசையில் வைத்தார். "இந்தத் தாய் தகப்பன்மார் பொறுப்பை என்னிலை விட்டவை. பிள்ளையை விட்டது பள்ளிக்கூடத்துக்கு, ஆனால் கையெழுத்து வைச்சது நான் எழுதினதுக்கு. பள்ளிக்கூடத்தைக் காப்பாத்த அதை நான் பொய்யாக்கினால் பிறகு இந்தப் பிள்ளையளுக்கு நான் என்னத்தைச் சொல்லிக் குடுக்கிறது?"

முருகேசு கடிதங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். பதினான்கிலும் வாசகம் ஒன்றுதான், ஆனாலும் பதினான்கையும் வாசித்தார். பிறகு அடிமட்டம் கேட்டார். கோடு கீறி ஒரு பக்கம் 0, மறுபக்கம் 13 என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். ரஸ்க் ஒன்று எடுத்துக்கொண்டார்.

ஜூன் 24 ஆம் திகதி ஒரு சிறு கடிதம் வந்தது. மூடுவது மறு அறிவித்தல் வரை ஒத்திவைக்கப்பட்டிருக்கிறதாம். காரணம் எழுதப்படவில்லை. காரணத்தை ஜூலையில் போதகர் கொண்டுவந்தார். முருகேசு இருபத்தேழு சபைகளுக்கும் புதுப் படிவம் அனுப்பியிருந்தார். பெட்டிக்கு நடுவில் அச்சிலேயே கோடு இருந்தது.

அதன் பிறகு சுவர்ணாவுக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கின. எல்லாம் மற்றச் சபைகளின் பாடசாலைத் தலைவிமார். ஒருவர் நாற்பது வருடத்துச் சிநேகிதி. "சுவர்ணா, உனக்கென்ன விசரே? நாங்கள் பேசாமல் நடத்திக்கொண்டு வந்தனாங்கள். இப்ப நான் என்னத்தை எழுதிறது?"

"உள்ளதை எழுது."

"உள்ளதை எழுதினால் எனக்கு நாலும் இருபத்துமூண்டும் வருது!"

"நாலு எந்தப் பக்கம்?"

மறுபக்கத்தில் தொலைபேசி வைக்கப்பட்டது. உரும்பிராய்ப் பிள்ளைகள் மூவரையும் ஓட்டோவில் அனுப்புவதாக இருந்த அடுத்த சபை இந்தச் சிநேகிதியின் சபைதான்.

ஓகஸ்டில் பரீட்சை முடிந்தது. அடைக்கலநாதனின் பேரன்மார் இருவரும் திரும்பி வந்தார்கள். விடுபட்ட மனன வசனங்கள் இருபத்தெட்டையும் ஆரபி அவர்களிடம் கேட்டுச் சரி பிழை போட்டாள். மூத்தவனுக்கு ஆறு சரி, இளையவனுக்கு நான்கு. அடைக்கலநாதன் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். செப்டம்பரிலிருந்து ஞாயிறு காலையில் ரஸ்க்கும் தேத்தண்ணியும் கொடுக்கிற வேலையை அவர் எடுத்துக்கொண்டார். ஒருவரும் கேட்கவில்லை.

முடிவு மட்டும் வரவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் கடைசி ஞாயிறாக இருக்கலாம் என்று சுவர்ணா பாடத்தை அடுத்த கிழமைக்கு மிச்சம் வைக்காமல் முடித்தார். இதனால் செப்டம்பரிலும் ஒக்டோபரிலும் கதைகள் மிக வேகமாகப் போயின. யோசேப்பு ஒரே ஞாயிறில் குழியிலும் விழுந்து எகிப்துக்கு அதிபதியும் ஆனான். "ரீச்சர், ஏன் ஓடுறியள்?" என்று ஆரபி கேட்டாள். சுவர்ணா ரஸ்க் கொடுக்கச் சொன்னார்.

ஒக்டோபர் கடைசிக்குள் இருபத்தேழில் இருபத்துநான்கு படிவங்கள் திரும்பியிருந்தன. சபைப் பிள்ளைகள் பத்தும் அதற்கு மேலும் இருந்த பாடசாலைகள் ஏழு. விதிப்படி மூடினால் பதினேழு பாடசாலைகளை மூட வேண்டும், அவற்றின் பிள்ளைகளை எங்கே அனுப்புவது என்பதற்கு விதியில் ஒன்றும் இல்லை. குழு மூன்று தரம் கூடியது என்று போதகர் சொன்னார். முதலாவது கூட்டத்தில் சண்டை, இரண்டாவதில் கூட்டம் நடத்தப் போதிய ஆள் இல்லை, மூன்றாவதில் முருகேசு தன்னுடைய கொப்பியிலிருந்து அந்த மூன்று வரியை வாசித்தாராம்.

அதன் பின் வந்த கடிதம் அரைப் பக்கம். உரும்பிராய் ஓய்வுநாள் பாடசாலை தொடர்ந்து நடைபெறலாம். பத்துப் பிள்ளைகள் என்ற விதியில் இனி 'வருகை தரும் பிள்ளைகள்' என்று வாசிக்க வேண்டும். பெற்றோர் எழுத்தில் கேட்டுக்கொண்ட இடங்களில் பிள்ளையின் சமயத்தைத் தனியாகப் பதியலாம், கோடு கீறுவது அந்தந்தப் பாடசாலையின் விருப்பம். கையெழுத்து: சா. முருகேசு.

சுவர்ணா கடிதத்தை வாசலில் நின்றே வாசித்தார். உள்ளே போய்க் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் வாசித்தார். பிறகு கதிரையில் இருந்து, கடிதத்தின் இடது மூலையில் அது கைக்குக் கிடைத்த திகதியை எழுதினார்: 2025 நவம்பர் 13, வியாழக்கிழமை.